பழைய கணக்குக் கோப்பைத் திறக்குமுன்

ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்திய ஒருவர் அண்மையில் தன் கடைக் கட்டடத்தை விற்றார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் ஒருவரும் கடையைப் பொறுப்பெடுக்க முன்வரவில்லை. விற்பனை முடிந்து காசு வங்கிக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வந்தார். மேசையில் ஒரு யூ.எஸ்.பி. குச்சியை வைத்து, "தம்பி, 2001இலிருந்து கடைக்கணக்கு முழுக்க இதுக்குள்ள கிடக்கு" என்றார்.

குச்சிக்குள் ஒரேயொரு சிறிய கோப்பு இருந்தது. அதைத் திறக்கச் சொன்னோம். மென்பொருள் மறுத்துவிட்டது.

கட்டடத்தை அவர் 1999இல் வாங்கினார். 2003இல் பின்பக்கம் நீட்டி ஒரு களஞ்சிய அறை கட்டினார். 2006இல் கூரையை மாற்றினார். விற்ற விலையிலிருந்து வாங்கிய விலை, சட்டத்தரணிக் கட்டணம், காணி மாற்று வரி, பிறகு செய்த மூலதன வேலைகள் ஆகியவற்றைக் கழித்தால் வருவதுதான் மூலதன இலாபம். அதில் பாதி அந்த ஆண்டின் வருமானத்தோடு சேரும். களஞ்சிய அறைக்கு 60,000 டொலர் போனதென்று வைத்துக்கொள்வோம். அதை எண்பிக்க முடியாவிட்டால் இலாபம் 60,000 டொலரால் கூடும், வரிக்குரிய வருமானம் 30,000 டொலரால் கூடும். இருபது ஆண்டுக்கு முன் யாரோ தட்டிவிட்ட ஒரு கணக்குப் பதிவுக்கு இன்று அவ்வளவு பெறுமதி.

இப்படியானவர்கள் ஆண்டுக்குச் சிலராவது எங்களிடம் வருகிறார்கள். கடை விற்றவர்கள், கணவனை இழந்த பெண்கள், பொறுப்பு மாறிய ஊர்ச் சங்கங்களின் பொருளாளர்கள். எல்லோரும் கொண்டுவருவது ஏறத்தாழ ஒரே பொருள்: பழைய மென்பொருளில் எழுதிய கணக்கு. எல்லோரும் கேட்பதும் ஒன்றுதான்: "புதுசில திறக்கலாம்தானே?" பெரும்பாலும் திறக்கலாம். ஆனால் திறக்கிற முறை பிழைத்தால் இருந்ததும் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் கணக்கு எழுதிப் பழகிய எங்களுக்குப் பேரேடு என்றால் தடித்த மட்டை போட்ட ஒரு புத்தகம். ஐம்பது ஆண்டு கழித்து எடுத்தாலும், கறையான் விட்டுவைத்திருந்தால், இடப்பக்கம் வரவு வலப்பக்கம் செலவு என்று வாசித்துவிடலாம். கணினிக் கோப்பு அப்படியல்ல. அதற்குள் எழுத்தும் எண்ணும் ஒரு தரவுத்தளத்தின் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கு தெரிந்த மென்பொருள் மட்டும்தான் வாசிக்கும். மென்பொருளை விற்கும் கொம்பனி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஒழுங்கை மாற்றும். அப்படி மாற்றிய பின் வரும் புதிய பதிப்பு பழைய கோப்பைக் கண்டால் அதை வெறுமனே திறப்பதில்லை, தன் ஒழுங்குக்கு மாற்றி எழுதுகிறது. எங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். திறந்து பார்ப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. மாற்றி எழுதிய கோப்பு பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகாது.

குயிக்புக்ஸை எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினிப் பதிப்பில் கணக்கு இருக்கும் கோப்பின் வால் கியூ.பி.டபிள்யூ., காப்புப் பிரதியின் வால் கியூ.பி.பி. புதிய பதிப்பில் பழைய கியூ.பி.டபிள்யூ. கோப்பைத் திறக்கப்போனால், கோப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் அதற்குமுன் காப்புப் பிரதி எடுக்க வேண்டும் என்றும் ஒரு அறிவித்தல் வரும். அவசரத்தில் 'ஆம்', 'ஆம்' என்று தட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு ஊர்ச் சங்கத்தில் நடந்தது இது. புதிதாகத் தெரிவான பொருளாளர் உற்சாகமான இளைஞர். சங்கத்தின் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன்னிடமிருந்த புதிய பதிப்பில் திறந்து பார்த்தார். பார்த்ததோடு சரி, ஒரு சதத்தைக்கூட மாற்றவில்லை. அடுத்த கிழமை சங்க அலுவலகக் கணினியில், பழைய பதிப்பில், அதே கோப்பு திறக்க மறுத்தது. அவர் களவாக ஏதோ செய்துவிட்டார் என்று பொதுக்கூட்டம்வரை கதை போனது. பாவம், அவர் செய்ததெல்லாம் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தியதுதான். புதுப்பிக்குமுன் எடுத்த காப்புப் பிரதி அவருடைய கணினியில் ஒரு மூலையில் கிடந்தது. அதை மீட்டுக் கொடுத்தோம். மனஸ்தாபத்தை மீட்க முடியவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டார்.

ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். முதலில் அதை இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். ஒன்றை எழுத முடியாதபடி பூட்டி அலுமாரிக்குள் வையுங்கள். மற்றதில் மட்டும் பரிசோதனை செய்யுங்கள். பழைய மென்பொருள் இன்னும் ஓடும் கணினி இருந்தால், மாற்றுமுன் அதில் பரீட்சை மீதி, ஐந்தொகை, இலாப நட்டக் கணக்கு, கடன்பட்டோர் கடன்கொடுத்தோர் பட்டியல்கள் ஆகியவற்றை அச்சிட்டு எடுங்கள். மாற்றிய பின் அதே திகதிக்கு அதே அறிக்கைகளைப் புதிய பதிப்பில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரீட்சை மீதி ஒரு சதம் வித்தியாசப்பட்டாலும் நிற்க வேண்டும். குயிக்புக்ஸில் கோப்பைச் சரிபார்க்க ஒரு கருவியும் சேதத்தைச் சீர்செய்ய இன்னொரு கருவியும் உண்டு. சரிபார்ப்பதை மாற்றுமுன் செய்ய வேண்டும், பின்னர் அல்ல. பழைய பதிப்பில் பேசாமல் கிடந்த சேதம் புதிய பதிப்புக்கு மாற்றும்போது பாதி வழியில் மறித்துக்கொண்டு நிற்கும்.

மிகப் பழைய கோப்புகளை ஒரே தாவலில் இன்றைய பதிப்புக்குக் கொண்டுவரப் பார்ப்பது புத்தியல்ல. குயிக்புக்ஸ் 2006 பதிப்போடு தன் தரவுத்தளத்தையே மாற்றியது. அதற்கு முந்திய கோப்பு என்றால் நடுவில் ஒரு பதிப்பில் ஏற்றி, அங்கே சரிபார்த்து, பிறகு மேலே கொண்டுவருவதுதான் எங்கள் வழக்கம். இதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் இரண்டு பழைய கணினிகளை இணையத் தொடர்பு இல்லாமல் வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் குப்பை என்று சிரிப்பார்கள். மென்பொருளின் பழைய இறுவட்டு கையில் இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். பல பதிப்புகளை நிறுவிய பின் கொம்பனியிடம் பதிவுசெய்து உயிர்ப்பிக்க வேண்டும். கொம்பனி அந்தப் பதிப்பைக் கைவிட்ட பிறகு அது நடப்பது சந்தேகம். ஏற்கெனவே உயிர்ப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியை வீசுகிறவர் சாவியை வீசுகிறார்.

நாடு மாறினாலும் சிக்கல் வரும். எங்களுக்குத் தம்பி நியூ ஜேர்சியில், அக்கா லண்டனில், நாங்கள் ரொறன்ரோவில். அங்கே மலிவு என்று அமெரிக்கப் பதிப்பை வாங்கி அனுப்பிவிடுவார்கள். குயிக்புக்ஸின் கனடிய, பிரித்தானிய, அமெரிக்கப் பதிப்புகள் தனித்தனி. வரி அமைப்பு வேறு என்பதால் ஒன்றின் கோப்பை மற்றது திறக்காது. கோப்பு பழுது என்று முடிவுகட்டுமுன் அது எந்த நாட்டுப் பதிப்பில் பிறந்தது என்று கேளுங்கள்.

இனிக் கடைக்காரரின் குச்சிக்கு வருவோம். அவர் கணக்கு வைத்தது சிம்பிளி அக்கவுண்டிங்கில். தொண்ணூறுகளிலும் 2000களிலும் கனடாவில் சிறு கடை வைத்திருந்த எங்கள் ஆட்களில் பலர் இதைத்தான் பாவித்தார்கள். பின்னர் அதன் பெயர் சேஜ் 50 என்று மாறியது. பெயர் மாறியதால், 'அந்த மென்பொருள் இப்ப இல்லையே' என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இருக்கிறது, வேறு பெயரில்.

2007 பதிப்பு வரை இதன் கோப்புக்கு எஸ்.டி.பி. என்று வால் இருந்தது. 2008 பதிப்பிலிருந்து தரவுத்தளம் மாறியது. அதன் பின் ஒரு கணக்கு என்பது இரண்டு துண்டு: எஸ்.ஏ.ஐ. என்ற வாலோடு ஒரு சிறிய கோப்பு, எஸ்.ஏ.ஜே. என்ற வாலோடு ஒரு கோப்புறை. நாங்கள் தட்டித் திறப்பது சிறிய கோப்பை. கணக்கு முழுவதும் இருப்பது கோப்புறைக்குள். வீட்டின் கதவு இலக்கம் எஸ்.ஏ.ஐ., வீடு எஸ்.ஏ.ஜே. என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

கடைக்காரரின் மருமகன் 2012இல் கணினியை மாற்றும்போது கதவு இலக்கத்தை மட்டும் கழற்றி எடுத்துக் குச்சியில் போட்டிருந்தார். பழைய கணினி மீள்சுழற்சிக்குப் போய்விட்டது. குச்சி மட்டும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதற்குள் ஒரு பதிவுகூட இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது.

"வேறை ஏதும் இறுவட்டு, நெகிழ்தட்டு, எதெண்டாலும் வீட்டில இருக்கா அண்ணை? தேடிப் பாருங்கோ" என்று அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். திருமண வீடியோக்களுக்கும் பழைய படப் பிரதிகளுக்கும் நடுவில், '2011 கடை' என்று பேனாவால் எழுதிய ஒரு இறுவட்டு. இன்றைய கணினிகளில் இறுவட்டு வாசிக்கும் தட்டே இல்லை. வெளியில் பொருத்தும் ஒன்றை வைத்திருக்கிறோம். வீட்டில் எரித்த இறுவட்டுகள் பத்துப் பதினைந்து ஆண்டில் வாசிக்க முடியாமல் போவதுண்டு. இது வாசித்தது. உள்ளே சி.ஏ.பி. என்ற வாலோடு ஒரு கோப்பு. அது மென்பொருளே எடுத்த காப்புப் பிரதி. மென்பொருள் எடுக்கும் காப்புப் பிரதியில் இரண்டு துண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே கோப்புகளைக் கையால் இழுத்துப் போடாமல், காப்புப் பிரதி எடுக்கும் கட்டளையைப் பாவியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம்.

பழைய கணினியில் அதை மீட்டோம். கடவுச்சொல் கேட்டது. நல்லகாலம், மருமகன் கடையின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டிருந்தார். எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. இறந்துபோன ஒருவரின் கோப்புக்கு நிர்வாகியின் கடவுச்சொல் தெரியாமல் மாதக்கணக்கில் நின்றிருக்கிறோம். அப்படியான நேரத்தில் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கோப்பை அனுப்பி உடைக்கச் சொல்லாதீர்கள். அதற்குள் வேலை செய்தவர்களின் சமூகக் காப்புறுதி இலக்கங்களும் சம்பளங்களும் இருக்கின்றன. மென்பொருள் கொம்பனியிடமே உரிமையை நிறுவிக் கேளுங்கள். இன்று கணக்கு வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லை ஒரு கடிதஉறைக்குள் எழுதி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

கோப்பு திறந்த பிறகும் பழைய காலம் வந்து குழப்பும். 2010 ஜூலை 1க்கு முன் ஒன்ராறியோவில் மத்திய வரி வேறு, மாகாண வரி வேறு. ஜி.எஸ்.ரி. 2006 நடுப்பகுதிவரை 7 வீதம், பிறகு 6, 2008இலிருந்து 5. மாகாண விற்பனை வரி 8 வீதம். இன்று 13 வீத எச்.எஸ்.ரி.யை மட்டும் அறிந்த பிள்ளைகள் பழைய கோப்பில் இரண்டு வரிப் பத்திகளைக் கண்டு பிழை என்று நினைக்கிறார்கள். பிழையல்ல, திருத்தப் போகாதீர்கள். பழைய ஆண்டுக்குள் இன்று ஒரு பதிவைப் போட்டாலோ மாற்றினாலோ, அன்று அனுப்பிய வரிப் படிவத்தோடு கணக்கு ஒருநாளும் பொருந்தாது. முடித்த ஆண்டைத் திகதி போட்டுப் பூட்டும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு.

கணக்கு மென்பொருளுக்குப் புறம்பான கோப்புகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். தொண்ணூறுகளில் லோட்டஸ் 1-2-3இல் கணக்கு வைத்தவர்கள் உண்டு. எக்செல் 2007இலிருந்து அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் திறக்கும். கோயில்களினதும் சங்கங்களினதும் நன்கொடையாளர் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், புதிய கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பழுதென்று அழித்துவிடாதீர்கள். பாமினியை நிறுவினால் பெயர்கள் திரும்பி வரும். யூனிகோடுக்கு மாற்றியும் எடுக்கலாம்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சி.ஆர்.ஏ. என்று நாங்கள் சொல்லும் கனடா வருவாய் முகவரகம் இதை ஒப்புக்கொள்வதில்லை. கணினியில் வைத்த கணக்கை, தாளில் அச்சிட்டிருந்தாலும், கணினியில் வாசிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பொதுவான கால எல்லை, அந்தப் பதிவு கடைசியாகச் சம்பந்தப்பட்ட வரி ஆண்டின் முடிவிலிருந்து 6 ஆண்டுகள். பலர் இந்த ஆறு என்ற எண்ணை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஏழாம் ஆண்டு எல்லாவற்றையும் துண்டாக்கிவிடுகிறார்கள். கட்டடம் போன்ற நீண்டகாலச் சொத்தை வாங்குவதோடும் விற்பதோடும் தொடர்புடைய பதிவுகளுக்கு அந்த ஆறு பொருந்தாது. அவற்றைக் காலவரையறையின்றி வைத்திருக்க வேண்டும்.

இணையவழிக் கணக்குக்கு மாறுகிறவர்களுக்கும் எங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மேசைக் கணினிக் குயிக்புக்ஸிலிருந்து இணையப் பதிப்புக்கு மாற்றும்போது மீதிகளும் பரிவர்த்தனைகளும் போகும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும், முன்பு முடித்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுகளும் போகாது. மாற்றுமுன் அவற்றைப் பி.டி.எப். ஆக எடுத்துவிடுங்கள். மாதக் கட்டணத்தை நிறுத்திய பின் கணக்கு என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். ஆண்டு முடிந்ததும் பொதுப் பேரேடு முழுவதையும் எக்செலிலும் காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வைத்தால், எந்தக் கொம்பனி இருந்தாலும் போனாலும் வாசிக்கலாம். இதற்கு அரை மணித்தியாலம்கூடப் போகாது.

கடைக்காரரின் பேரேட்டில் முதலில் 2003ஐத் தேடினோம். 'கட்டடம்' என்ற கணக்கில் மூன்று பதிவுகள், ஒரே கட்டட ஒப்பந்தகாரரின் பெயர், மூன்று காசோலை இலக்கங்கள், திகதிகள். அன்றைய 7 வீத ஜி.எஸ்.ரி.யைக் கடை திரும்பப் பெற்றிருந்ததால் அது செலவில் சேராது. அதையும் மருமகன் சரியாகப் பிரித்தே போட்டிருந்தார். கட்டடத்துக்குப் பெறுமானத்தேய்வு ஒருபோதும் கழிக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது. கழித்திருந்தால் விற்கும்போது அந்தத் தொகை முழுவதும் வருமானமாகத் திரும்பி வந்திருக்கும்.

பேரேட்டுப் பதிவு மட்டும் சான்றாகாது, விலைப்பட்டியல் வேண்டும். ஆனால் எந்த மாதத்துப் பெட்டியைத் தேடுவது என்று இப்போது தெரிந்துவிட்டது. அவருடைய மனைவி நிலக்கீழ் அறையில் ஒரு பின்னேரம் இருந்து இரண்டு விலைப்பட்டியல்களை எடுத்துத் தந்தார். மூன்றாவது கிடைக்கவில்லை.

பிறகு 2006. கூரைக்குக் கொடுத்த காசு 'கட்டடம்' கணக்கில் இல்லை. 'திருத்தமும் பராமரிப்பும்' கணக்கில் இருந்தது. அந்த ஆண்டே முழுச் செலவாகக் கழித்திருந்தார்கள்.

"அப்ப கூரைக் காசு சேராதோ தம்பி?"

"2006இலேயே கழிச்சு வரி குறைச்சிட்டீங்கள் அண்ணை. ஒரே செலவை இரண்டு தரம் போடேலாது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் மறந்துபோனன்" என்றார். கோப்பு திறந்திராவிட்டால் அவர் நினைவில் இருந்தபடியே கூரைச் செலவையும் சேர்த்திருப்போம். பின்னர் கேள்வி வந்திருந்தால் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமே இருந்திராது.

மூன்றாவது கொடுப்பனவுக்கு வங்கிக் கூற்றோடு திரும்பி வந்த பழைய காசோலை கிடைத்தது. அந்த ஒப்பந்தகாரர் இப்போது உயிரோடு இல்லை. காசோலையின் இருபக்கப் பிரதியையும் பேரேட்டுப் பக்கத்தையும் சேர்த்து, விலைப்பட்டியல் இல்லை என்று குறிப்பும் எழுதிக் கோப்பில் வைத்தோம். இறுவட்டிலிருந்த சி.ஏ.பி. கோப்பை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் மகளிடம் கொடுத்தனுப்பினோம். குச்சியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. அது இன்னும் எங்கள் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.